காதடைப்பான் போட்டும் காது போவது ஏன்?

இரைச்சலான இடத்தில் காதில் எதுவும் போடாமல் நிற்பவர்களுக்கு இங்கே சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வந்தவர்கள் இயர்பிளக் போட்டும் காதைக் கெடுத்துக்கொள்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இது.

நடுநடுவே கழற்றுவது

பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும் தவறு இதுதான். சூப்பர்வைசர் ஏதோ கேட்பார். ஒரு காதில் இருந்ததை உருவிப் பதில் சொல்வார்கள். பேச்சு முடிந்த பிறகும் பிளக் உள்ளங்கையிலேயே இருக்கும். ஐந்து நிமிடம் வீதம் ஆறு தடவை. "மொத்தமே அரை மணி நேரம்தானே?"

கணக்கைப் பாருங்கள். ஒலி 3 டெசிபல் கூடினால் காதில் இறங்கும் ஆற்றல் இரட்டிப்பாகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் நிற்கலாம் என்றால் 88-இல் 4 மணி, 94-இல் 1 மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். ஆக 100 டெசிபல் இடத்தில் அந்த அரை மணி நேரமே ஒரு நாள் அளவைப்போல் இரண்டு மடங்கு. மீதி ஏழரை மணி நேரம் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் அது கழியாது. 30 டெசிபல் குறைக்கும் பிளக், அன்றைக்குக் குறைத்தது 12 டெசிபல்தான்.

பேச வேண்டுமா, இரைச்சலை விட்டு வெளியே போய்ப் பேசுங்கள். போட்டபடியே பேசினால் குரல் தன்னால் தாழும். கொஞ்சம் உரக்கப் பேசினால் சரியாகிவிடும்.

நுனியில் செருகுவது

ஃபோம் பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிய திரியாக உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே தள்ளி, 20–30 விநாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். எதிரே நிற்பவர் கண்ணில் பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் மறுபடி போடுங்கள்.

காதில் பஞ்சு

வேண்டாம்.

தடித்த கண்ணாடிக் காம்பின் மேல் இயர்மஃப் (காதை முழுதாக மூடும் கவசம்)

இடுக்கு வழியே ஒலி புகும். மெல்லிய காம்பு, இல்லையென்றால் பிளக்.

ஷிஃப்ட் முடிந்த கையோடு காது பரிசோதனை

முதல் ஆடியோகிராமை (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனைத் தாள்) வேலையில் சேரும்போதே, குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலில்லாமல் இருந்த பிறகு எடுக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து மந்தமாக இருக்கும் காதில் எடுத்தால் அந்த மந்தமே உங்கள் இயல்பாகப் பதிவாகும். இரைச்சல் முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த சுருதிகளை. பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் வருடக்கணக்கில் தெரியாது. பிறகு இழப்பீடு கேட்டுப் போனால், "சேரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று அதே தாளை எடுத்து நீட்டுவார்கள்.

நகலை அன்றே கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். வருடா வருடம் 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸ் எண்களை அதனுடன் ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு காதில் சராசரி 10 டெசிபல் மோசமாகியிருந்தால், பிளக்கின் அளவையும் போடும் விதத்தையும் அந்த வாரமே சோதிக்கச் சொல்லுங்கள்.