தடை, நடவடிக்கை, விசாரணை: மூன்று சொற்களைப் பிரித்துச் செய்தி படிக்கும் முறை

போர், வணிகக் கட்டுப்பாடு, காவல் துறை மீதான சர்ச்சை ஆகிய மூவகைச் செய்திகளிலும் தமிழ் வாசகருக்கென்று தனியான ஓர் இடர்ப்பாடு உண்டு. சட்டத்தில் வெவ்வேறான பல செயல்களை நம் செய்தித் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. பிற நாட்டுப் பொருளை எல்லையில் நிறுத்துவதும் தடைதான். நீதிமன்றம் ஓர் ஆணையை நிறுத்தி வைப்பதும் தடைதான். படையெடுப்பும் நடவடிக்கை, துறைவழித் தண்டனையும் நடவடிக்கை. காவல் நிலையத்தில் கேள்வி கேட்பதும் விசாரணை, நீதிபதி முன் சாட்சிகள் நிற்பதும் விசாரணை. இந்த மூன்று சொற்களும் எதிர்ப்படும் இடங்களில் சற்று நின்று, அங்கே அவை எதைக் குறிக்கின்றன என்று பிரித்தறியும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் வேலை. தலைப்பு எழுதுபவரைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. ஐந்து சொற்களுக்குள் ஒரு போரை அடக்க வேண்டியவருக்குப் பெரும்பாலும் வேறு வழி இருப்பதில்லை.

முதலில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால், அவசரமாகப் படிப்பவர் பெயர்களையும் எண்களையும் பிடித்துக்கொண்டு வினையைத் தவறவிடுகிறார். "வரி விதித்தது", "வரி விதிக்கும்", "வரி விதிக்கலாம்", "வரி விதிக்கப்போவதாக அறிவித்தது" ஆகிய நான்கும் நான்கு நிலைகள். அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 ஏப்ரல் 2 அன்று ஏறத்தாழ எல்லா நாடுகளின் பொருள்களுக்கும் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். அவற்றுள் 10 விழுக்காடு என்ற அடிப்படை வரி ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்ட கூடுதல் வரிகள் ஏப்ரல் 9 அன்று தொடங்கி, சீனா நீங்கலான நாடுகளுக்கு அன்றைக்கே 90 நாள்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஏப்ரல் 3 அன்று "விதிக்கப்பட்டது" என்று படித்து மனத்தில் இருத்திக்கொண்டவருக்கு, ஒரு வாரம் கழித்து உலகம் வேறாக இருந்தது. ஆகவே அறிவித்த நாள், நடைமுறைக்கு வந்த நாள், நிறுத்தப்பட்ட நாள் என மூன்று தேதிகளையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். மூன்றில் ஒன்றுகூடச் செய்தியில் இல்லையென்றால், அது இன்னும் பேச்சளவில் இருக்கக்கூடும் என்று கொள்ளலாம்.

மூன்று சொற்களில் மிகுதியாகக் குழப்புவது "தடை". அதைக் கண்டவுடன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எது தடுக்கப்பட்டது, யார் தடுத்தார், அது யாரைக் கட்டுப்படுத்தும்?

2022 டிசம்பர் 5 அன்று நடந்ததை எடுத்துக்கொள்வோம். கடல் வழியாக வரும் ரஷ்யக் கச்சா எண்ணெயைத் தன் உறுப்பு நாடுகள் வாங்கக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவு அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் ஜி7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஆஸ்திரேலியாவும் பீப்பாய்க்கு 60 டாலர் என்ற விலை வரம்பையும் தொடங்கின. இந்த இரண்டாவது ஏற்பாடு மற்ற நாடுகள் ரஷ்ய எண்ணெய் வாங்குவதைத் தடுக்கவில்லை. 60 டாலருக்கு மேல் விற்கப்படும் சரக்குக்குத் தங்கள் நாட்டுக் கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் சேவை வழங்கக் கூடாது என்பதே அப்போது அதன் உள்ளடக்கம். எண்ணெய் தொடர்ந்து சந்தைக்கு வர வேண்டும், ஆனால் ரஷ்யாவின் வருவாய் குறைய வேண்டும் என்ற இரட்டை நோக்கத்தில் அது வகுக்கப்பட்டது. இரண்டையும் "ரஷ்ய எண்ணெய்க்குத் தடை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், பிற நாடுகள் அதன் பின்னரும் எப்படி வாங்கின என்பது புதிராகத் தோன்றும். உண்மையில் அதில் புதிர் எதுவும் இல்லை.

உரிமக் கட்டுப்பாட்டையும் முழுத் தடையையும் ஒன்றாக்குவது இதே வகையான பிழை. கணினிச் சில்லுத் தயாரிப்புக்குத் தேவைப்படும் காலியம், ஜெர்மானியம் ஆகிய தனிமங்களை ஏற்றுமதி செய்ய 2023 ஆகஸ்ட் 1 முதல் சீனா உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமம் கிடைத்தால் சரக்கு போகும், கிடைக்காவிட்டால் நிற்கும். அமெரிக்காவுக்கு அவற்றை அனுப்பக் கூடாது என்ற முழுத் தடை 2024 டிசம்பரில்தான் வந்தது. முதல் கட்டத்திலேயே "தடை" என்ற சொல்லைச் செலவழித்துவிட்ட செய்திகளுக்கு, இரண்டாம் கட்டத்தைக் குறிக்கச் சொல் எஞ்சவில்லை.

சொத்து முடக்கமும் இவ்வாறே. 2022 முதல் மேற்கத்திய நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் இருப்பை முடக்கின. முடக்கம் என்றால் உரிமையாளர் அதைத் தொட முடியாது. பறிமுதல் என்றால் அது அவருடையதாகவே இராது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் ஐரோப்பிய அரசுகள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டு வந்திருக்கின்றன. அந்த இடைவெளியைச் சொல்லளவில் அழித்துவிட்டால், அவர்கள் எதைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள் என்பதே புரியாமல் போகும்.

"யார் தடுத்தார்" என்ற கேள்விக்கு வருவோம். ஐ.நா. பாதுகாப்பு அவை விதிக்கும் பொருளாதாரத் தடை எல்லா உறுப்பு நாடுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும். அதற்கு 15 உறுப்பினர்களில் 9 பேரின் ஆதரவு வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. தனி நாடோ கூட்டமைப்போ விதிக்கும் தடை அவ்வாறன்று. பிற நாடுகள் அதற்குக் கட்டுப்படுவது பெரும்பாலும் அந்த நாட்டின் வங்கிகளையும் சந்தையையும் இழக்க அஞ்சியே. ஐ.நா. பொது அவையின் தீர்மானம் மூன்றாவது வகை. கியூபா மீதான அமெரிக்க வணிகத் தடையை நீக்கக் கோரி 1992 முதல் பொது அவை பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்றி வந்திருக்கிறது. 1962-இல் முழுமை பெற்ற அந்தத் தடை அதனால் நீங்கிவிடவில்லை. எனவே "ஐ.நா. தீர்மானம்" என்று படித்தால், எந்த அவை என்று பார்க்காமல் மேலே செல்லாதீர்கள்.

இறக்குமதி வரியைப் பொறுத்தவரை, ஒரு சிறிய வேற்றுமைச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. "சீனா மீது வரி" என்று எழுதினால், சீன அரசு அந்தப் பணத்தைக் கட்டுகிறது என்ற எண்ணம் தானாக எழுகிறது. சுங்கத்தில் பணம் செலுத்துபவர், வரி விதித்த நாட்டின் இறக்குமதியாளர். அந்தச் சுமையை அவர் வாடிக்கையாளரிடம் தள்ளுகிறாரா, ஏற்றுமதியாளரிடம் விலைக்குறைப்பாகக் கேட்கிறாரா, தாமே தாங்குகிறாரா என்பது பொருளுக்குப் பொருள் மாறும். "மீது" என்பதை "பொருள்களுக்கு" என்று மனத்திற்குள் மாற்றிப் படித்தால் போதும். எந்தப் பொருள்களுக்கு, எவற்றுக்கு விலக்கு என்ற அடுத்த கேள்வி தானே வந்துவிடும். இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 விழுக்காட்டை எட்டியபோது மருந்துகளும் திறன்பேசிகளும் அதில் சேரவில்லை என்பது, பெரும்பாலும் செய்தியின் கடைசிப் பத்தியில்தான் இருந்தது.

நீதிமன்றத் தடையோடு இந்த வரிசை முடிகிறது. 2025 மே 28 அன்று அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம், 1977-ஆம் ஆண்டின் நெருக்கடிகால அதிகாரச் சட்டத்தைக் கொண்டு அதிபர் விதித்த வரிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. வரி வசூல் தொடர்ந்தது. அதாவது வணிகத்தைத் தடுத்த வரிக்கு ஒரு தடை, அந்தத் தடைக்கு இன்னொரு தடை. ஒரு தீர்ப்பைப் பற்றிப் படிக்கும்போது, அது எந்த நிலை நீதிமன்றத்துடையது, உடனே நடைமுறைக்கு வருகிறதா, மேல்முறையீட்டுக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

"நடவடிக்கை" என்ற சொல்லில் சிக்கல் வேறு வகையானது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் படைகளை அனுப்பிய ரஷ்யா, அதைச் "சிறப்பு இராணுவ நடவடிக்கை" என்று அழைத்தது. அந்தச் சொல் ஒரு தரப்பின் சொத்து. மேற்கோள் குறியில்லாமல் அது செய்தியாளரின் வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டால், அத்தரப்பின் வாதமும் கூடவே நுழைந்துவிடுகிறது. "பதிலடி", "தற்காப்பு", "துல்லியத் தாக்குதல்" ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். சொன்னவரின் பெயரைச் சேர்த்தே அவற்றைப் படிக்க வேண்டும்.

போர்ச் செய்தியில் "சர்வதேச நீதிமன்றம்" என்று வரும்போது கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இதையொத்த பெயருடைய இரண்டு நீதிமன்றங்கள் உள்ளன. ஐ.நா.வின் அங்கமான சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைக் கேட்கிறது. 2002-இல் இயங்கத் தொடங்கிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்கள் மீதான குற்றச்சாட்டுகளைக் கேட்கிறது. காசாவில் இனப்படுகொலை செய்வதாகக் குற்றம் சாட்டி இஸ்ரேலுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கு முதலாவதில் நடக்கிறது. ரஷ்ய அதிபர் புதினுக்கு எதிராக 2023 மார்ச் 17 அன்றும், இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவுக்கு எதிராக 2024 நவம்பர் 21 அன்றும் பிடியாணை பிறப்பித்தது இரண்டாவது. தென்னாப்பிரிக்க வழக்கில் 2024 ஜனவரி 26 அன்று வந்தது இடைக்கால ஆணை. இனப்படுகொலை நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ அன்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. பாதுகாக்கப்பட வேண்டும் என்ற பாலஸ்தீனர்களின் உரிமைக் கோரிக்கை ஏற்கத்தக்கது என்றே அது சொன்னது என்று, அப்போது தலைவராக இருந்த ஜோன் டோனஹியூ பின்னர் ஒரு நேர்காணலில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. சட்டம் பயின்றவர்களே தடுமாறிய இடம் அது.

பிடியாணை என்றால் கைது என்றும் எண்ண வேண்டாம். அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தக் காவல் படை கிடையாது. உறுப்பு நாடுகள்தாம் பிடித்துக் கொடுக்க வேண்டும். 2024 செப்டம்பரில் புதின் உறுப்பு நாடான மங்கோலியாவுக்குச் சென்று, கைதாகாமல் திரும்பினார்.

உயிரிழப்பு எண்களை எப்போதும் ஆதாரத்தோடும் தேதியோடும் சேர்த்தே குறியுங்கள். 2023 அக்டோபர் 17 அன்று காசாவின் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்தபோது, காசா சுகாதார அமைச்சகம் முதலில் ஏறத்தாழ 500 என்றது, பின்னர் 471 என்றது. அமெரிக்க உளவுத் துறையின் மதிப்பீடு 100 முதல் 300 வரை. பொறுப்பு யாருடையது என்பதிலும் இரு தரப்பும் ஒன்றையொன்று சுட்டின. எந்த எண்ணைச் சொன்னாலும், யாருடைய எண் என்று சொல்லாவிட்டால் அது பாதிச் செய்தியே. பொறுப்பை நிறுவ எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஓர் அளவுகோல்: 298 பேருடன் எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது 2014 ஜூலை 17 அன்று, நெதர்லாந்து நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2022 நவம்பர் 17 அன்று.

இனி "விசாரணை". காவல் துறை தன் ஆள் மீதே நடத்தும் துறைவழி விசாரணை, வெளியமைப்பின் புலனாய்வு, நீதிமன்ற விசாரணை ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. ஒன்றில் விடுபட்டவர் மற்றொன்றில் தண்டனை பெறலாம். கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகியவையும் தனித்தனிப் படிகள். கைதானவரைக் குற்றவாளி என்று எழுதும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

இவ்வகைச் செய்தியில் முதல் அறிக்கையைக் காவல் துறையே எழுதுகிறது என்பதை நினைவில் வையுங்கள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, காவல் துறையின் முதல் அறிக்கை அதை உடல்நலக் கோளாறால் நேர்ந்த இறப்பாகவே விவரித்தது. கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியது அதில் இல்லை. அங்கே நின்ற ஒரு சிறுமி எடுத்த காணொளிதான் அதை வெளிக்கொணர்ந்தது. காவலர் டெரெக் சாவின் 2021 ஏப்ரல் 20 அன்று கொலைக் குற்றவாளி என அறிவிக்கப்பட்டார். லண்டனில் 2005 ஜூலை 22 அன்று, தற்கொலைக் குண்டுதாரி என்று தவறாகக் கருதிக் காவலர்கள் பிரேசில் இளைஞர் ஒருவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் தடித்த மேலங்கி அணிந்திருந்தார், சுரங்க ரயில் நிலைய நுழைவுத் தடுப்பைத் தாண்டிக் குதித்தார் என்று முதலில் பரவிய இரண்டு விவரங்களும் பொய்யாயின. எந்தக் காவலர் மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. மாநகரக் காவல் துறை மட்டும் 2007-இல் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்ததாகத் தீர்ப்பாகி, 1,75,000 பவுண்டு அபராதம் கட்டியது. "காவல் துறைக்குத் தண்டனை" என்ற தலைப்புக்குக் கீழே எந்தச் சட்டம் என்று தேட வேண்டியதன் காரணம் இதுவே.

"கூறப்படுகிறது", "தெரிகிறது" என்று முடியும் வாக்கியங்களில் எழுவாயைத் தேடிப் பாருங்கள். கூறியவர் காவல் துறை அதிகாரியா, நேரில் கண்டவரா, இன்னொரு செய்தியா? எழுவாய் எங்கும் இல்லையென்றால், அந்த வாக்கியத்தைப் பிறருக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்வது நல்லது.

நான் ஒரு குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறேன்: சொன்னவர், எந்த அதிகாரத்தால், எந்த நாள் முதல், அடுத்து எப்போது. உள்நாட்டில் படை இறக்கும் செய்திகளுக்கும் அதுவே போதுமானதாக உள்ளது. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு ஆளுநரின் விருப்பத்துக்கு மாறாகத் தேசியக் காவல் படை அனுப்பப்பட்டபோது, 2025 ஜூன் 12 அன்று கூட்டாட்சி நீதிபதி அதைச் சட்டவிரோதம் என்றார். சில மணி நேரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. அன்று என் மூன்றாம் கட்டத்தில் எழுதிய தேதியை அடித்துவிட்டு, நான்காம் கட்டத்தில் அடுத்த விசாரணை நாளைக் குறித்துக்கொண்டேன்.