மலைச்சரிவில் நடப்பவருக்குப் பொருத்தமான கணுக்கால் உறை

நீலகிரியில் தோட்டம் வைத்திருப்பவர்களில் சிலர் உரிமம் பெற்ற சிறு ரிவால்வரை உடன் எடுத்துச் செல்கிறார்கள். இடுப்பில் கட்டினால் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் மறிக்கின்றன, ஜீப்பில் உட்காரும்போது விலாவில் குத்துகிறது என்பதால் கணுக்காலில் கட்டும் உறையைப் பற்றி விசாரிக்கிறார்கள். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவருக்குச் சுகமாக இருக்கும் உறை, நாள் முழுவதும் ஏறி இறங்குபவருக்கு அப்படி இருக்காது என்பதை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உறையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் காலணியைப் பாருங்கள். கம்பூட்ஸ் அணிபவருக்குக் கணுக்கால் உறை உதவாது. பூட்ஸுக்குள் அதற்கு இடமில்லை, இடமிருந்தாலும் கை எட்டாது. தென்மேற்குப் பருவமழையின்போது கூடலூர், தேவாலா பக்கம் அட்டைக்குப் பயந்து பேன்ட்டின் மேல் முழங்கால் வரை அட்டை உறை கட்டி நடக்கிறோம்; அந்த மாதங்களுக்கும் இது ஏற்றதன்று. கணுக்கால் மூடும் சாதாரண ஷூவும், கீழ்ப்பகுதி குறுகாத நேர் பேன்ட்டும் அணியும் நாட்களுக்கே இந்த உறை.

அடுத்தது எடை. கான்பூரில் தயாராகும் .32 தோட்டா அளவுள்ள ரிவால்வர், தோட்டா இல்லாமலே ஏறக்குறைய 700 கிராம். 2014இல் வந்த நிர்பீக் என்னும் இலகு ரிவால்வர் ஏறக்குறைய 500 கிராம். இடுப்பில் பெரிதாகத் தெரியாத இந்த 200 கிராம் வித்தியாசம், ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைக்க வேண்டிய காலில் நன்றாகவே தெரியும். பெரும்பாலும் வண்டியில் செல்பவர் 700 கிராமைச் சமாளிக்கலாம். சரிவில் நடப்பவர் அரைக் கிலோவுக்கு மேற்பட்டதைக் கணுக்காலில் கட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

உறை உங்கள் ரிவால்வரின் அளவுக்கே தைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கணுக்கால் உறைகளில் பல, ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் ஐந்து தோட்டா கொண்ட சிறு ரிவால்வர்களுக்காக, அதாவது ஏறக்குறைய இரண்டு அங்குலக் குழலுக்காக வெட்டப்பட்டவை. நம் .32 ரிவால்வருக்கு மூன்று அங்குலக் குழல், ஆறு தோட்டாக்கள். அதை அந்த உறையில் திணித்தால் குழல் முனை கீழே நீட்டிக்கொண்டு, இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் மொட்டில் இடிக்கும்.

வலது கைப் பழக்கமுள்ளவர் இடது காலின் உட்பக்கத்தில், பிடி பின்னோக்கி இருக்குமாறு கட்ட வேண்டும்; இடது கைக்காரர் வலது காலில். சிரமம் தொடங்குவதும் அந்த உட்பக்கத்தில்தான். அங்கே கால் எலும்பின் மேல் தசை கிடையாது, தோல் மட்டுமே உண்டு. ரிவால்வரில் மிகத் தடித்த பாகமான தோட்டா உருளை அந்த எலும்பில்தான் அழுந்துகிறது. ஆகவே கடையில் உறையைக் கையில் வாங்கியதும், உருளை அமரும் இடத்தின் பின்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மறுபக்கத்தின் கடினம் விரலுக்குத் தெரிந்தால், ஒரு மணி நேர நடையில் அது எலும்புக்கும் தெரியும். ரோமத்துடன் கூடிய செம்மறித் தோலோ தடித்த கம்பளியோ வைத்துத் தைத்த உறை இதற்குச் சிறந்தது.

பட்டை நான்கு விரற்கடை அகலமாவது இருக்கட்டும்; குறுகிய பட்டையை இறுக்கினால் வெட்டும், தளர்த்தினால் சரியும். கெண்டைக்காலுக்கு மேலே கட்டும் இரண்டாவது பட்டை சமவெளியில் இல்லாமல் இருக்கலாம், இங்கே அது கட்டாயம் வேண்டும்; கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைச் சரிவில் இறங்கும்போது உறையின் எடை முழுவதையும் தாங்கி நிற்பது அதுவே. நீளமான கம்பளிக் காலுறையின் மேல் கட்டி, பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். பாதம் மரத்துப்போனாலோ வீங்கினாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். நரம்புச் சுருட்டலோ நீரிழிவால் கால் உணர்ச்சிக் குறைவோ உள்ளவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

விசையைச் சுற்றியுள்ள வளையம் முழுவதும் உறைக்குள் மறைந்திருப்பதும், பிடியின் மேல் பொத்தான் பட்டை இருப்பதும் விட்டுக்கொடுக்கக் கூடாத இரண்டு. பொருத்திப் பார்க்கும் எல்லா நேரமும் ரிவால்வர் காலியாக இருக்க வேண்டும். உருளையைத் திறந்து ஒவ்வோர் அறையையும் கண்ணால் பார்த்த பிறகே தொடங்குங்கள். உறையைத் தலைகீழாக மெத்தையின் மேல் பிடித்து உலுக்குங்கள், அதன்பின் கட்டிக்கொண்டு படிகளில் இறங்குங்கள், குந்தி எழுங்கள். முதல் சில நாட்கள் வீட்டிலேயே, தோட்டா இல்லாமல் அணிந்து பழகுவது நல்லது. வெல்க்ரோவில் ஒட்டுப்புல்லின் விதைகளும் கம்பளி இழைகளும் சிக்கினால் பிடிப்பு போய்விடும். அவ்வப்போது பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுக்க வேண்டும்.

தோல் உறை அழகானது, நெடுநாள் உழைப்பது. ஆனால் மூடுபனியில் ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும், உள்ளே இருக்கும் இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். நைலானும் நியோப்ரீனும் விரைவில் உலர்கின்றன, ஆனால் வியர்வையைத் தேக்குகின்றன. ஊட்டிக் குளிருக்குத் தோலையும், கூடலூர் ஈரத்துக்கு நைலானையும் சொல்வேன். எதுவானாலும் இரவில் ரிவால்வரை உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டி வைக்க வேண்டும். நனைந்த தோலைக் கணப்பின் அருகே உலர்த்தினால் சுருங்கி, அளவு கெட்டுவிடும்.

நன்றாக அமைந்த உறை காலில் இருப்பதே மறந்துபோகும். அதனால் வரும் ஆபத்து சட்ட வழியிலானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்து மூலமான முன் அனுமதியின்றி முதுமலை போன்ற சரணாலயப் பகுதிக்குள் ஆயுதத்துடன் நுழையக் கூடாது. கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியே மசினகுடிக்குப் போகும் சாலை அதற்குள்ளேயே செல்கிறது. உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுமானால் கர்நாடக எல்லையான கக்கநல்லாவையும் கேரள எல்லையான நாடுகாணியையும் தாண்டக் கூடாது. யானைக்கோ காட்டெருமைக்கோ தற்காப்பு என்று எண்ணி இதைக் கட்டவும் வேண்டாம்; .32 தோட்டா அவற்றை நிறுத்தாது, காயம்பட்ட விலங்கின் சீற்றமே மிஞ்சும். வண்டியின் சாவியை எடுக்கும்போதே போகும் வழியை நினைத்துப் பார்த்து, தேவையானால் உறையை அவிழ்த்து ரிவால்வரை வீட்டிலேயே பூட்டிவிட்டுப் புறப்படுங்கள்.