வாடகை வீட்டில் கட்டட வேலையா? பிரிட்டனில் உரிமையாளர் செய்ய வேண்டியவை

வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் சமையலறையை இடித்துக் கட்டியபோது, பாதுகாப்பெல்லாம் ஒப்பந்தக்காரர் பாடு என்று இருந்துவிட்டேன். 2015 ஏப்ரல் 6 முதல் நடப்பிலிருக்கும் சி.டி.எம். எனப்படும் கட்டுமானப் பாதுகாப்பு விதிகள் அப்படிச் சொல்லவில்லை.

படி 1: நீங்கள் யார்? குடியிருக்கும் சொந்த வீடென்றால் உங்கள் கடமைகள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் போய்விடும். வாடகை வாங்கினால் அது தொழில், கடமை உங்களுடையது.

படி 2: நியமனம். நான் இடறி விழுந்தது இங்கேதான். ஒரே ஒரு ஒப்பந்தக்காரர் என்று எண்ணியிருந்தேன். அவர் அழைத்துவந்த பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் விதிகளின் கண்ணில் தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். ஒருவருக்கு மேல் வருவார்கள் என்றாலே வடிவமைக்கும்போதே பாதுகாப்பைத் திட்டமிடும் முதன்மை வடிவமைப்பாளரையும், வேலை நடக்கும்போது அதை ஒருங்கிணைக்கும் முதன்மை ஒப்பந்தக்காரரையும் எழுத்தில் நியமிக்க வேண்டும். செய்யாவிட்டால் அவர்கள் கடமை நம் தலையில் விழும். சாரத்தின் குறுக்குக் கம்பிக்குப் பெயர்கூடத் தெரியாத நான், சில நாட்கள் சட்டப்படி அந்த இருவராகவும் இருந்திருக்கிறேன்! யார், எந்தப் பொறுப்பு, எந்தத் தேதி முதல் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலும் வாங்கிவையுங்கள்.

படி 3: வீட்டைப் பற்றித் தெரிந்ததை வேலை செய்பவர்களிடம் சொல்லுங்கள். 2000க்கு முன் கட்டிய வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பராமரிப்புக்காக எடுத்த பழைய அறிக்கை இதற்கு உதவாது; இடிக்கும் பகுதியைத் திறந்து பார்க்கும் ஆய்வு வேண்டும்.

படி 4: வேலையைப் பாதுகாப்பாக எப்படிச் செய்வார்கள் என்று ஒப்பந்தக்காரர் எழுதித் தரும் கட்டுமானக் காலப் பாதுகாப்புத் திட்டம் கைக்கு வராமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள். வீட்டின் பெயரை மட்டும் மாற்றிய நாற்பது பக்க அச்சு நகலை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த வீட்டையே பேசும் மூன்று பக்கம் போதும். கழிப்பறை, கைகழுவத் தண்ணீர், உட்கார இடம் ஆகியவை முதல் நாளே இருக்கட்டும்.

படி 5: எஃப்10 அறிவிப்பு. வேலை 30 வேலைநாட்களைத் தாண்டி, ஏதாவதொரு சமயத்தில் 20 பேருக்கு மேல் ஒன்றாக வேலை செய்வார்கள் என்றால், அல்லது மொத்தம் 500 ஆள்நாட்களை (ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்நாள்) தாண்டுமென்றால், பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எச்.எஸ்.இ.க்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: "எஃப்10 தேவையில்லை என்றால் மற்றவையும் தேவையில்லைதானே?" என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. என் சமையலறைக்கு எஃப்10 தேவைப்படவில்லை; மற்ற எல்லாம் தேவைப்பட்டன.

படி 6: பலர் சேர்ந்து செய்த வேலையென்றால், முடிவில் பாதுகாப்புக் கோப்பை, அதாவது பின்னாளில் அங்கே வேலை செய்பவர்களுக்குத் தேவையான பாதுகாப்புத் தகவல்களின் தொகுப்பை, கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்கும்போது அது வாங்குபவரிடம் போக வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே அட்டைக் கோப்பில் வைத்திருக்கிறேன். செயலிகள் இரண்டை முயன்று பார்த்துக் கைவிட்டேன்.