ஓடைப்பாசியா, சட்டிப்பாசியா: பிரித்தறியும் விதம்

மலேசியாவின் தாப்பாவில் எங்கள் லயத்துக்குப் பின்னால் பால்மரக் காட்டு நிழலில் ஓர் ஓடை. அதன் பாறையில் படர்ந்திருப்பது டுமோர்ட்டியேரா ஹிர்சுட்டா. கேமரன் மலையிலிருந்து அம்மா வாங்கி வந்த பூச்சட்டியில் முளைத்தது மார்கான்ஷியா. அம்மாவுக்கு இரண்டும் 'பாசி'தான். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த ஈரலுருத் தாவரங்கள். தரையோடு ஒட்டி, கவை கவையாகப் பிரிந்து படரும் பச்சை நாடாக்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். கரும்பச்சை என்றாலே டுமோர்ட்டியேரா என்று நான் ஒரு வருசம் நினைத்திருந்தேன். சட்டியை நிழலுக்கு மாற்றியதும் மார்கான்ஷியாவும் கறுத்துவிட்டது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். நகத்தளவு துண்டைத் துணியில் ஒற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மார்கான்ஷியாவின் மேல்தோல் சின்னச் சின்னக் கட்டமாக ஓடு பதித்தாற்போல் இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி. அதுதான் காற்றுத்துளை, அடியில் காற்றறை. டுமோர்ட்டியேராவில் அந்தப் புள்ளி கிடையாது, மங்கலான வழவழப்புதான். ஆனால் இளம் நுனியைப் பொறுமையாகப் பாருங்கள்: அழித்த கோலத்தின் தடம்போல் மெல்லிய வலை தெரியும். ஒரு காலத்தில் இருந்த காற்றறைச் சுவர்களின் மிச்சம் அது. முதல்முறை அதைக் கண்ட அன்று பசியாறவே மறந்துபோனேன்.

அடுத்தது கிண்ணம். மார்கான்ஷியாவின் முதுகில் குட்டிக் கிண்ணங்கள் இருக்கும், உள்ளே பச்சை வட்டுகள். மழைத்துளி விழுந்தால் வட்டுகள் தெறித்துப் பக்கத்துச் சட்டியில் முளைக்கும். எங்கள் ஆர்க்கிட் சட்டிகளுக்கு அப்படித்தான் பரவியது. டுமோர்ட்டியேராவுக்குக் கிண்ணமே வராது. அதற்காகக் கிண்ணம் இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். மார்கான்ஷியாவிலும் சில நேரம் கிண்ணம் காணாது. புள்ளிக்கே முதலிடம்.

இனப்பெருக்கத்துக்காகக் காம்போடு எழும் குடை விட்டிருந்தால் வேலை சுலபம். மார்கான்ஷியாவின் பெண் குடை பெரும்பாலும் விரல் விரலாகப் பிரிந்திருக்கும். டுமோர்ட்டியேராவின் குடையில் விறைப்பான முடிகள். ஹிர்சுட்டா என்றாலே முடியுள்ளது என்றுதான் பொருள்.

ஓடையில் எடுத்ததை வெயில்படும் சன்னலில் வைக்காதீர்கள். நான் வைத்த துண்டு மத்தியானத்துக்குள் சுருண்டுவிட்டது. பார்த்து முடித்ததும் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஈரப் பாறையில் வைத்து அழுத்திவிடுங்கள். துண்டிலிருந்தே மறுபடி துளிர்க்கும்.