புதுத் தாளைப் பழசாக்க டீத்தூள் போதும்

ஏ4 தாளின் ஓரங்களைக் கையால் லேசாகக் கிழித்து, நன்றாகக் கசக்கி விரித்து, தட்டில் ஊற்றிய ஆறிய கெட்டி டீ டிகாஷனில் 5 நிமிடம் ஊறவிட்டு, தட்டோடு சாய்த்து வடித்துக் காயவைத்தால் பள்ளி நாடகத்துக்கு வேண்டிய ராஜா காலத்து ஓலை ரெடி. பாலும் சர்க்கரையும் கூடாது, சர்க்கரை இருந்தால் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். வடிகட்டிய பழைய டீத்தூளையே மறுபடி கொதிக்கவிட்டால் போதும், இதற்கென்று புதுத்தூளை வீணாக்க வேண்டாம்.

டீயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தாளின் நாரில் ஒட்டிக்கொள்கிறது. கசக்கிய மடிப்புகளில் நார் உடைந்திருப்பதால் அங்கே சாயம் கூடுதலாக இறங்கி, நரம்பு ஓடியது போல் கறுத்த கோடுகள் விழும். அந்தக் கோடுகள்தான் நிஜப் பழசு போலக் காட்டுவது, வெறும் பழுப்பு நிறம் அல்ல.

வழவழப்பான ஆர்ட் பேப்பரில் சாயம் ஏறாது. இங்க்ஜெட் பிரிண்டும் ஜெல் பேனா எழுத்தும் கரைந்து ஓடிவிடலாம், ஜெராக்ஸோ பால்பாயின்ட்டோ என்றால் பயமில்லை. அப்புறம், டீயில் அமிலம் உண்டு, தாள் நாளடைவில் நொறுங்கும், அதனால் பல வருஷம் வைத்திருக்க வேண்டிய எதையும் இதில் நனைக்காதீர்கள்.