மொச்சை விதை முளைப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது எப்படி

பள்ளியில் விதை முளைத்தல் பற்றிச் செயல்திட்டம் கொடுத்தால் பெரும்பாலான வீடுகளில் ஈரப்பஞ்சில் நாலு பச்சைப்பயறு போடுவார்கள், முளை வந்ததும் ஒரு போட்டோ எடுப்பார்கள், அதோடு முடிந்துவிடும். முளைத்தது தெரியும். எந்த இடம் நீண்டது, பருப்பு என்ன ஆனது, வேர் ஏன் கீழேயே போகிறது என்பதெல்லாம் தெரியாது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளோடு உட்கார்ந்து செய்த முறையை இங்கே எழுதுகிறேன். "எவ்வளவு வளர்ந்தது" என்று கேட்பதைவிட "எங்கே வளர்ந்தது" என்று கேளுங்கள். இந்த முறை முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

விதைக்கு மளிகைக்கடை மொச்சையே போதும். உடைக்காத, வறுக்காத, வண்டு துளைக்காத விதைகளாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கிக்கொள்ளுங்கள். விதைக்கடைப் பாக்கெட்டில் வருவதற்குச் சிவப்பு, ரோஸ் நிறத்தில் மருந்து தடவியிருப்பார்கள். குழந்தைகள் கையில் அதைக் கொடுக்க வேண்டாம். கூடவே கறுப்புக் கொண்டைக்கடலையும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ஊற வைக்கும் முன் ஒரு விதையைக் கட்டம் போட்ட தாளில் வைத்துச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். ஒரு ராத்திரி ஊறிய பிறகு அதே விதையை அதே இடத்தில் வைத்து மறுபடி வரையுங்கள். எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று கட்டங்களே சொல்லிவிடும். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரிலேயே கிடக்க விடாதீர்கள். விதைக்குக் காற்றும் வேண்டும், இல்லையென்றால் அழுகிவிடும்.

மொச்சையின் ஓரத்தில் தடித்த வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும். காய்க்குள் விதை ஒட்டியிருந்த இடம் அது. ஊறிய விதையைத் துடைத்துவிட்டு இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினால் அந்தக் கோட்டின் ஒரு முனைக்குப் பக்கத்தில் சின்னத் துளை வழியாக நீர் கசியும். வேர் வெளியே வரப்போவது அந்தப் பக்கமாகத்தான். ஒரு விதையின் தோலை உரித்துப் பருப்பைப் பிரித்துப் பாருங்கள். நடுவே குட்டியாக மடிந்த இரண்டு இலைகள் தெரியும், லென்ஸ் வைத்தால் நரம்புகூடத் தெரியும். செடியில் முதலில் விரியப்போகும் ஜோடி இலைகள் இவைதான். விதைக்குள்ளேயே தயாராக இருக்கின்றன!

சரி, இப்போது கண்ணாடி டம்ளர். உள்சுவரை ஒட்டினாற்போல் கருநீல அல்லது கறுப்புத் துணியைச் சுற்றி வையுங்கள். பழைய யூனிஃபார்ம் துணி நன்றாக இருக்கும். வெள்ளைத் துணியில் வெள்ளை வேர் சரியாகத் தெரியாது. கருந்துணியில் வேரின் மேல் முடிபோல் இருக்கும் வேர்த்தூவிகள்கூடப் பளிச்சென்று தெரியும். துணி சரியாமல் இருக்க நடுவில் கழுவிய மணலை நிரப்பி நனையுங்கள். துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் விதைகளைச் செருகுங்கள்: ஒன்றுக்கு வெள்ளைக் கோடு மேலே, ஒன்றுக்குக் கீழே, ஒன்றுக்குப் பக்கவாட்டில். மணல் ஈரமாக இருக்க வேண்டும், விதை மூழ்கக் கூடாது. வெளியே ஒரு கறுப்புத் தாளைச் சுற்றிவிட்டு, பார்க்கும்போது மட்டும் கழற்றுங்கள்.

நம் ஊர் வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் வேர் எட்டிப் பார்க்கும். மார்கழிக் குளிரில் கூடக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். விதையை எப்படித் திருப்பி வைத்திருந்தாலும் வேர் வளைந்து கீழே போகும். வேர் இரண்டு விரற்கடை நீண்டதும் டம்ளரைப் படுக்க வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், நுனி மறுபடி தரையை நோக்கித் திரும்பியிருக்கும். நுனியில் இருக்கும் செல்களுக்குள் கனமான மாவுமணிகள் உண்டு. அவை எந்தப் பக்கம் படிகின்றனவோ அதுதான் வேருக்குக் கீழ்ப்பக்கம். 1806-ல் தாமஸ் நைட் என்பவர் தண்ணீரால் சுழலும் சக்கரத்தில் அவரையின விதைகளைக் கட்டிவைத்து முளைக்க விட்டார். வேகமாகச் சுழன்ற சக்கரத்தில் வேர்கள் வெளிப்பக்கமாக வளர்ந்தன, சுழற்சியின் விசை இழுத்த பக்கமும் அதுதான். ஈரத்தையோ இருட்டையோ தேடி அல்ல, இழுவிசையைப் பின்பற்றித்தான் வேர் போகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை அடுத்தது. நேராக வளர்ந்த ஒரு முளையை எடுத்து, வேரை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, மையில் தோய்த்த நூலால் நுனியிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு தொட்டு வையுங்கள். பேனா வேண்டாம், கீறிவிடும். மை காய்ந்ததும் திரும்ப டம்ளரில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். "சித்தி, மேல இருக்கிற கோடெல்லாம் அப்படியே இருக்கு, நுனிப் பக்கம்தான் விலகிப்போச்சு" என்றாள் அக்கா மகள். விதைதான் வேரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று அதுவரை நினைத்திருந்தாளாம். நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சிறு பகுதிதான் நீள்கிறது. மற்றது நின்ற இடத்திலேயே நிற்கிறது. முழு வேரும் நீண்டால் மண்ணைப் பிடித்திருக்கும் தூவிகள் எல்லாம் அறுந்துபோகும் இல்லையா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் தாவரவியலாளர் யூலியுஸ் சாக்ஸ் செய்த சோதனையும் இதே மைக்கோடுதான்.

அப்புறம் தண்டு. அது கொக்கிபோல் வளைந்து, முதுகால் மண்ணைப் பிளந்துகொண்டு, பருப்புகளைப் பின்னால் இழுத்து வரும். மென்மையான குருத்து உரசாமல் வர இதுதான் வழி. வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிரும். இதைப் பார்க்க ஒரு தொட்டி மண்ணிலும் சில விதைகளை ஊன்றி வையுங்கள். கொண்டைக்கடலையையும் பக்கத்திலேயே ஊன்றுங்கள். மொச்சையின் பருப்பு வெளியே வந்து பச்சையாகும். கடலையின் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

மொச்சைப் பருப்பு நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் உதிர்ந்துவிடும். செடி அதைச் சாப்பிட்டுத்தான் வளர்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரே உயரமுள்ள மூன்று செடிகளில் ஒன்றுக்கு ஒரு பருப்பையும், இன்னொன்றுக்கு இரண்டையும் கிள்ளிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் இழந்தது பின்தங்கும்.

உயரத்தை எப்போதும் மண்ணிலிருந்து குருத்து நுனி வரை அளக்க வேண்டும், இலை நுனி வரை அல்ல. தினமும் ஒரே நேரம், ஒரே செடி. போட்டோ எடுத்தால் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்துங்கள். முதல் ஜோடி இலைகள் தனித்தனி இலைகளாக இருக்கும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் மூன்று சிற்றிலைகள் கொண்டவை. அந்த மாற்றம் வந்த தேதியைத் தவறாமல் குறியுங்கள். பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை இலைகளைப் பாருங்கள். ராத்திரியில் தொங்கிப்போகும். வாடவில்லை, பதறித் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு தொட்டியில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. ஒரு முடிச்சைப் பிளேடால் நறுக்கிப் பாருங்கள் (பெரியவர்கள் செய்யுங்கள்). உள்ளே ரோஸ் நிறமாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது, வேறொன்றை நறுக்கிப் பாருங்கள்.