சிமுலேட்டர் குழுப் பந்தயம்: எந்த விமானத்தை அனுமதிப்பது?

நண்பர்களோடு ஃப்ளைட் சிமுலேட்டரில் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) தொடர் பந்தயம் வைக்க, 1934 லண்டன்–மெல்போர்ன் விமானப் பந்தயத்தின் பாதை அருமையான களம். இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் கிளம்பி பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்ல்வில் வழியாக மெல்போர்ன். ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒருவர். பாதையில் சண்டை வராது, விமானத்தில்தான் வரும். ஆளாளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வதற்கு முன்பே விதியை எழுதிவிடுங்கள்.

படி 1: ஆண்டு எல்லை

"பழைய விமானம்" என்று எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். "1934 அக்டோபர் 20-க்கு முன் முதன்முதலில் பறந்தது" என்று எழுதுங்கள். அசல் பந்தயம் தொடங்கிய நாள் அது. எல்லோரும் ஆசைப்படும் டிசி-3 இதில் அடிபட்டுப்போகும், அது பறந்ததே 1935 டிசம்பரில்தான். அதன் அண்ணன் டிசி-2 உள்ளே வரும். விமானம் ஆட்-ஆன் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) என்றால் அனைவருக்கும் ஒரே பதிப்பு. ஒரே விமானம் வெவ்வேறு ஆட்-ஆனில் வெவ்வேறு வேகத்தில் பறக்கும்.

படி 2: தூரம்

மில்டன்ஹால்–பாக்தாத் மட்டுமே 2,500 மைலுக்கு மேல். இடையில் இறங்கி எரிபொருள் நிரப்பலாமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஆண்டு எல்லையைத் தளர்த்தி செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை அனுமதித்தாலும், அதன் வீச்சு சுமார் 640 கடல் மைல். கடைசிக் கட்டமான சார்ல்வில்–மெல்போர்னே ஏறக்குறைய 680.

படி 3: ஹேண்டிகேப்

ஹேண்டிகேப் என்றால், மெதுவான விமானத்துக்கும் வெல்ல வாய்ப்புக் கிடைக்கும்படி நேரத்தை ஈடுகட்டும் முறை. இதில்தான் பந்தயத்தின் உயிர் இருக்கிறது. 1934-இல் வேகத்தில் வென்றது அந்தப் பந்தயத்துக்கென்றே கட்டிய டிஎச்.88 காமெட். பயணிகளையும் தபாலையும் ஏற்றிவந்த, டச்சு விமான நிறுவனமான கேஎல்எம்மின் டிசி-2, வழிதவறி ஆஸ்திரேலியாவின் ஆல்பரியில் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்கியும்கூட, ஹேண்டிகேப் பரிசைத் தட்டிச்சென்றது.

கணக்கு எளிது. தூரத்தைப் பயண வேகத்தால் வகுத்தால் எதிர்பார்ப்பு நேரம். 680 கடல் மைல், 160 நாட் (மணிக்கு 160 கடல் மைல்) என்றால் 4 மணி 15 நிமிடம். 4 மணி 5 நிமிடத்தில் சேர்ந்தவருக்குப் பத்து நிமிட லாபம். வேகத்தை ஓட்டுபவரிடம் கேட்காதீர்கள், குறைத்துத்தான் சொல்வார்! காற்றில்லா வானிலையில், 8,000 அடியில், பத்து நிமிடம் நேராகப் பறக்கவிட்டு நடுவரே அளக்கட்டும்.

படி 4: மீதி விதிகள்

டைம் ஆக்சிலரேஷன் (சிமுலேட்டரில் நேரத்தை வேகமாக ஓடவிடும் வசதி) கூடாது. அனைவருக்கும் ஒரே வானிலை அமைப்பு. விழுந்து நொறுங்கினால் அந்தக் கட்டத்தை அதே விமானத்தில் முதலிலிருந்து பறக்க வேண்டும். வீணான நேரமும் கணக்கில் சேரும்.